ரிமோட் யார் கையில்? கேபிளிலிருந்து நெட் டிவிக்கு மாறுகிறவர்களுக்கு

மழைக்காலம் ஆரம்பித்தால் எனக்கு வருகிற போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "தம்பி, டிவியில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு." பேசுகிறவர்கள் கேபிளை விட்டு நெட் டிவிக்கு மாறிய சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள். இது என் தொழில் இல்லை. ஒரு வீட்டில் அமைத்துக் கொடுத்தேன், அங்கே காபி குடிக்க வந்தவர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார், அப்படியே பத்துப் பன்னிரண்டு வீடு ஆகிவிட்டது. அந்த வீடுகளில் நான் பார்த்த தொல்லைகளில் முக்கால்வாசிக்கு டிவி காரணமே இல்லை. ரூட்டர் வைத்த இடம், சொருகிய அடாப்டர், மறந்துபோன பாஸ்வேர்டு, இந்த மூன்றுதான். மிச்சத்துக்குக் காரணம் வேறு: பெட்டியைத் தேர்ந்தெடுப்பது சென்னையில் இருக்கும் மகன், ரிமோட்டைப் பிடிப்பது ஊரில் இருக்கும் அம்மா. அதனால் கீழே சொல்வதையெல்லாம் செய்யும்போது, வீட்டில் ரிமோட் யார் கையில் அதிகம் இருக்கிறதோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் கவனியுங்கள்

வீட்டில் என்னென்ன சேனல் ஓடுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். முந்நூறு சேனலுக்குப் பணம் கட்டும் வீட்டிலும் உண்மையில் ஓடுவது ஆறோ ஏழோதான். அந்த ஆறும் நெட்டில் எங்கே கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். சன் டிவி குடும்பம் முழுக்க சன் நெக்ஸ்டில். விஜய் டிவி நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரில் (ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகி வந்த ஆப் இது). ஜீ தமிழ், ஜீ5இல். பொதிகை பார்த்துப் பழகியவர்களுக்கு: அதன் பெயர் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது, பிரசார் பாரதி அதே ஆண்டு நவம்பரில் விட்ட வேவ்ஸ் ஆப்பில் தூர்தர்ஷன் சேனல்கள் கிடைக்கின்றன. செய்திக்குக் காசே வேண்டாம். பெரும்பாலான தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலையாக ஓடிக்கொண்டே இருக்கின்றன.

கிடைக்காத ஒன்றும் உண்டு: லோக்கல் சேனல். கேபிள்காரர் நடத்தும் அந்தச் சேனலில்தான் ஊர்த் தேரோட்டம் வரும், கண்ணீர் அஞ்சலி வரும், ஜவுளிக்கடை விளம்பரம் வரும். என் பெரியம்மா கேபிளை எடுத்த மூன்றாம் நாள் கேட்ட முதல் கேள்வி, "நம்ம சாமி புறப்பாடு எதுல வரும்?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வருமா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பார்க்கும் வீடு என்றால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நெட்டில் வரும் நேரலை உண்மையில் சற்றுப் பழையது. காட்சியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். பரவலாக உள்ள எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு வழக்கமாக 6 விநாடி. டிவி அப்படி இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பாகச் சேர்த்துக்கொண்டுதான் ஓட்டவே ஆரம்பிக்கும். வெட்டுவது, அனுப்புவது எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். ஆக, டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கத்தும்போது உங்கள் டிவியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவரவே ஆரம்பித்திருக்க மாட்டார். இதைப் பழுது என்று நினைத்து ரூட்டரை மாற்றியவரையே எனக்குத் தெரியும். கையிருப்பு இருப்பதால்தான் நெட் ஓரிரு விநாடி தடுமாறினாலும் படம் நிற்பதில்லை.

2. எந்தப் பெட்டி?

மூன்று வழி உண்டு: உள்ளேயே எல்லாம் இருக்கிற ஸ்மார்ட் டிவி, பழைய டிவியின் பின்னால் சொருகும் ஸ்டிக், பிராட்பேண்ட் அல்லது டிஷ் கம்பெனி கொடுக்கும் செட்டாப் பாக்ஸ்.

வீட்டில் இருக்கும் டிவியில் எச்டிஎம்ஐ துளை இருந்து, படமும் நன்றாக இருந்தால் புது டிவி வாங்காதீர்கள். 3,000 முதல் 7,000 ரூபாய்க்குள் ஒரு ஸ்டிக் போதும். டிவியின் திரை பத்து வருஷம் உழைக்கும். அதற்குள் இருக்கும் சிப்பும் மென்பொருளும் அவ்வளவு நாள் ஈடுகொடுப்பதில்லை. 2010, 2011 காலத்து சில சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் 2019 டிசம்பரிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் ஓடாமல் போனது. டிவி நன்றாகத்தான் இருந்தது, மூளைக்குத்தான் வயதாகிவிட்டது. ஸ்டிக் என்றால் அதை மட்டும் கழற்றிப் புதிது போடலாம்.

புது டிவி வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் விற்பனையாளர் காட்டும் பளபள வீடியோவைப் பார்க்காமல் ரிமோட்டைக் கையில் வாங்குங்கள். யூடியூபைத் திறந்து, ஒரு பாட்டைத் தேடி, வெளியே வந்து, இன்னொரு ஆப்புக்குள் போங்கள். பட்டனை அழுத்திய பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்படி ஆனால் அந்த மாடல் வேண்டாம். கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், ஃபயர் டிவி என நான்கு வகை பரவலாக உண்டு. எதில் என்றாலும் உங்கள் பட்டியலிலுள்ள ஆப்கள் அத்தனையும் இருக்கிறதா என்று கடையிலேயே தேடிப் பார்த்துவிடுங்கள். ரேம் 2 ஜிபிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மலிவு டிவிகளில் சேமிப்பிடம் 8 ஜிபி என்று போட்டிருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் டிவியே எடுத்துக்கொள்ளும்.

கம்பெனி பாக்ஸ்களில் ஒரு வசதி உண்டு: சேனல் எண் அடித்து மாற்றலாம். கேபிளிலேயே முப்பது வருஷம் ஓட்டியவர்களுக்கு இது பெரிய விஷயம். பிஎஸ்என்எல் 2024 கடைசியில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் தொடங்கிய ஐஎஃப்டிவி இந்த வகை. 500க்கும் மேற்பட்ட சேனல்களைத் தன் ஃபைபர் வலையமைப்புக்குள்ளேயே அனுப்புவதால் உங்கள் டேட்டா கணக்கில் அது சேராது. டிஷ், நெட் இரண்டையும் எடுக்கும் கலப்பு பாக்ஸ்களும் கிடைக்கின்றன. கனமழையில் டிஷ் சிக்னல் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அப்போது நெட் பக்கம் மாறிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும், "ஒருமுறை பணம், ஆயுள் முழுக்க எல்லாச் சேனலும்" என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். வெளிநாட்டுத் தமிழர் வீடுகளிலும் இது நிறைய இருக்கிறது. சட்டப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும். 2023 தொடக்கத்தில் டி95 என்ற மலிவுப் பெட்டியில் ஆலையிலிருந்து வரும்போதே தீய நிரல் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இப்படிப்பட்ட சாதனங்களில் பரவியிருந்த பேட்பாக்ஸ் 2.0 என்ற தீய நிரலைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. நீங்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டி உங்கள் இணைப்பை யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கும். இன்னொரு குறையும் உண்டு. வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இல்லாத பெட்டியில், நீங்கள் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மங்கலான படத்தைத்தான் தரும்.

3. நெட்டைச் சரிபார்ப்பது

வேகத்தைப் பற்றிய பயம் தேவையில்லாதது. நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்குப்படி கேட்பது முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், அதைவிடத் துல்லியமான 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். நாலு பேர் போனில் இருக்கும் வீட்டுக்குக்கூட 50 எம்பிபிஎஸ் திட்டம் தாராளம். ஆனால் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி டிவி வாங்காதீர்கள். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி ரீசார்ஜ் ஒரு சினிமாவின் இடைவேளை வரைகூடத் தாங்காது.

உண்மையான சிக்கல் ரூட்டரிலிருந்து டிவி வரை உள்ள இருபது அடியில்தான். ஃபைபர் இழுக்க வருகிறவர் வாசலுக்குப் பக்கத்தில், கம்பி மிச்சமாகும்படி ஓர் ஆணியில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஓர் இரும்பு பீரோ. அவர் வரும் அன்று நீங்கள் வீட்டில் இருந்து, "ஹாலுக்குள்ளே கொண்டுவாங்க" என்று சொல்வது பிற்பாடு பத்து போன் கால்களை மிச்சப்படுத்தும்.

ரூட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 சுவர்களைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு; பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அதில்தான் நெரிசலாக இருக்கும். 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். டிவியும் ரூட்டரும் ஒரே அறையில் என்றால் 5, நடுவில் சுவர்கள் என்றால் 2.4. இரண்டும் ஒத்துவராவிட்டால் ரூட்டரிலிருந்து டிவிக்கு நேராக லேன் கம்பி இழுத்துவிடுங்கள். கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும், ஆனால் அதற்குப் பிறகு வட்டம் என்ற ஒன்றையே மறந்துவிடுவீர்கள். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். உங்கள் திட்டம் 200 என்றால் பாதிதான் காட்டும். 4கேக்கு அதுவே அதிகம், கவலைப்பட வேண்டாம்.

4. கரண்ட்

ஸ்டிக் வாங்குகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. பெட்டிக்குள் தனி அடாப்டர் இருக்கும். அதை எடுக்காமல் டிவியின் பின்னாலுள்ள யுஎஸ்பி துளையில் சொருகிவிடுவார்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர். பல ஸ்டிக்குகளுக்கு ஒரு ஆம்பியர் வேண்டும். முதல் வாரம் ஓடும். பிறகு கனமான படம் ஓடும் நேரம் பார்த்துத் தானாக அணைந்து எழும். என் அப்பாவின் ஸ்டிக் சரியாக இரவு எட்டு மணிக்கு அப்படி ஆனபோது நான் ஆப்பை அழித்தேன், வைஃபையை மாற்றினேன், கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். கடைசியில் அலமாரியில் பிரிக்காமல் கிடந்த அடாப்டரைச் சொருகியதும் சரியாகிவிட்டது. அப்பா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

இன்வர்ட்டர் உள்ள வீட்டில் டிவி மட்டும் அதில் இருந்தால் போதாது. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் அதே இணைப்பு வேண்டும். இன்வர்ட்டர் இல்லாத வீட்டுக்கு, ரூட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது. இடி இடிக்கும்போது எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்னல் வராது. ஆனால் ரூட்டரின் அடாப்டர் வழியாக வரும்.

5. அமைக்கும் நாள்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். புதுப் பெட்டி முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அரை மணி நேரம்கூட எடுக்கும். ஏழரைக்கு சீரியல் என்றால் வீட்டில் உங்களுக்கு மரியாதை இருக்காது. காலையில் உட்காருங்கள்.

டிவி முதலில் "வீடா, கடையா" என்று கேட்கும். வீடு என்று கொடுங்கள். கடை என்று கொடுத்துவிட்டால் கண்ணைக் கூசும் வெளிச்சமும் விளம்பரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து வைஃபை பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்து அடிக்க வேண்டும். பிறகு கணக்கு. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பது வேண்டாத வேலை. பெரும்பாலான ஆப்களில் திரையில் ஒரு எண்ணோ கட்டம்கட்டமான கியூஆர் படமோ வரும். போனில் ஸ்கேன் செய்து உள்ளே போகலாம். கணக்கு, வீட்டில் இருப்பவரின் போன் எண்ணில் இருக்கட்டும். உங்கள் எண்ணில் வைத்தால் ஓடிபி உங்களுக்கு வரும், நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள், அங்கே படம் நிற்கும். சென்னைக் கணக்கின் நெட்ஃபிளிக்ஸை ஊர் டிவியில் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான்.

படம் பார்க்கத் தொடங்கியதும், சினிமாவே வீடியோ கேமராவில் எடுத்த சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுவதாகத் தோன்றினால் பட அமைப்புக்குள் போய் அசைவை மென்மையாக்கும் வசதியை நிறுத்துங்கள். சோனியில் அது மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன்.

6. ரிமோட்டைப் பழக்குவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், இதற்குத்தான் யாரும் ஒதுக்குவதில்லை.

முதலில் ரிமோட்டுகளை ஒன்றாக்குங்கள். எச்டிஎம்ஐ வழியாக டிவியும் பெட்டியும் பேசிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு; பொதுப்பெயர் சிஇசி. ஆனால் அமைப்புக்குள் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதைப் போட்டுவிட்டால் ஸ்டிக்கின் ரிமோட்டிலேயே டிவியும் எழும், டிவி ரிமோட்டின் அம்புக்குறியிலேயே ஸ்டிக்கும் நகரும். தேவைப்படாத ரிமோட்டை எடுத்து பீரோவுக்குள் வையுங்கள்.

அடுத்து முகப்பு. வேண்டாத ஆப்களை நீக்கி, வேண்டிய நான்கை முதல் வரிசையின் இடதுபக்கம் கொண்டுவாருங்கள். "ஹோம் பட்டன், வலதுபக்கம் ரெண்டு தடவை, நடு பட்டன்" என்று அம்மா விரலால் நினைவு வைத்துக்கொள்வார். பெயரைப் படிக்கவே தேவையில்லை. கூகுள் டிவியில் ஆப்கள் மட்டும் காட்டும் முறை ஒன்று இருக்கிறது. பரிந்துரைகள், டிரெய்லர்கள் எல்லாம் மறைந்து முகப்பு அமைதியாகிவிடும்; ஆனால் மைக்கில் பேசித் தேடும் வசதியும் சேர்ந்தே போய்விடும். மைக் பழகியவர் வீட்டில் அதைப் போடாதீர்கள். மைக் ஒரு வரம். எழுத்துக்கூட்டி அடிக்கத் தெரியாத என் அத்தை, மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளாகக் கேட்டுத் தள்ளுகிறார்.

அப்புறம், நீங்கள் செய்து காட்டாதீர்கள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். தப்பான இடத்துக்குப் போகட்டும். வழி தெரியாமல் போனால் ஹோம் பட்டனை அழுத்தினால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது ஒன்று மனதில் பதிந்தால் போதும், பயம் போய்விடும்.

7. பணம்

ஆப்கள் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படி எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். வேண்டாத ஆப்பை டிவியிலிருந்து அழித்தால் கட்டணம் நிற்காது. கணக்குக்குள் போய் ரத்து செய்ய வேண்டும், அல்லது யுபிஐ ஆப்பில் ஆட்டோபேயை நிறுத்த வேண்டும். டிவியில் வாங்குவதற்கு ஒரு பின் எண்ணும் போட்டுவிடுங்கள். குழந்தைகள் நடு பட்டனை அழுத்துவதில் கில்லாடிகள்.

உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். டிவியை "ஆக்டிவேட்" செய்யப் பணம் கேட்பவர்கள், போனில் ஏதோ ஒரு ஆப்பைப் போடச் சொல்பவர்கள் எல்லோரும் திருடர்கள். ஆப்புக்குள்ளோ டிவி வந்த அட்டைப்பெட்டியிலோ இருக்கும் எண்தான் எண்.

8. வட்டம் சுற்றினால்

இந்த வரிசையில் பாருங்கள். அதே வைஃபையில் போனில் யூடியூப் ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் டிவியைத் தொடாதீர்கள், ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் லாஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே கம்பி அறுந்திருக்கிறது. மரம் வெட்டியிருப்பார்கள், அல்லது எலி. நெட்காரருக்குச் சொல்வதைத் தவிர நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

போனில் ஓடுகிறது, டிவியில் ஓடவில்லை என்றால், ஓர் ஆப்பில் மட்டுமா எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஆப்பின் கேச்சை, அதாவது அது சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை, அழித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் சொருகுங்கள். ரிமோட்டில் அணைப்பது வெறும் தூக்கம்தான், அது மறுதொடக்கம் ஆகாது. அப்படியும் எந்த ஆப்பும் திறக்கவில்லை என்றால் டிவியின் தேதியைப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் சில டிவிகள் பல வருஷம் பின்னுக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் ஆப்கள் பாதுகாப்புச் சான்றை ஏற்காமல் கதவை மூடிக்கொள்ளும். தேதியைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் தீர்ந்தது. எல்லாமே மெதுவாக நகர்ந்தால் சேமிப்பிடம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்; பேரன் போட்ட விளையாட்டுகளை அழியுங்கள்.

9. பழைய இணைப்பு

கேபிளை அன்றே வெட்டாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். அந்த மாதத்தில் கேபிள் பக்கம் எத்தனை முறை போனார்கள் என்று கேளுங்கள். திருவிழா மாதமாக இருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். நிறுத்துவது என்று முடிவானால் செட்டாப் பாக்ஸைப் பரணில் தூக்கிப் போடாதீர்கள். அரசு கேபிள் கொடுத்த பாக்ஸ் என்றால் அது உங்களுடையதில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டும். ரிமோட், அடாப்டர், கம்பி மூன்றையும் சேர்த்து கேபிள்காரரிடம் ஒப்படைத்து, பாக்ஸின் அடியிலிருக்கும் எண்ணைக் குறித்து ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.